மணல் குவித்து உட்கார்ந்த ராத்திரிகள்... டெல்டாவின் டூரிங் டாக்கீஸ் காலம்!

'டிரைவ்-இன் தியேட்டர்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். திறந்தவெளியில் பெரிய திரை, எதிரே வரிசையாகக் கார்கள், காரை விட்டு இறங்காமலே சினிமா. 1933 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கேம்டன் நகருக்குப் பக்கத்தில், ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் தொடங்கிவைத்தது. 1950-களின் கடைசியில் அந்த நாட்டில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேல் இருந்தன. இந்தியாவில் ஆமதாபாத்தில் 1973-ல் ஒன்று வந்தது. சென்னைக்காரர்களுக்கு ஈஞ்சம்பாக்கம் 'பிரார்த்தனா'வைச் சொன்னால் உடனே முகம் மலரும்.

தஞ்சாவூர் ஜில்லாவுக்கு இதில் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒரு கார் இருந்தாலே பெரிய விஷயம். ஆனால், அறுவடை முடிந்த வயலுக்குப் பக்கத்தில், காற்றாட உட்கார்ந்து ராத்திரியில் படம் பார்த்த சுகம் எங்களுக்கும் உண்டு. அதன் பெயர் டூரிங் டாக்கீஸ். எங்கள் ஊர்ப் பேச்சில் 'கொட்டாய்'. அமெரிக்காவில் ஜனங்கள் வண்டியேறித் தியேட்டருக்குப் போனார்கள். இங்கே தியேட்டரே வண்டியேறி ஜனங்களிடம் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்தக் கொட்டாயைப் பற்றிப் பேசினால் எல்லோரும் முறுக்கையும் கோலி சோடாவையும்தான் சொல்வார்கள். நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. காசு கொடுத்தால் யாரும் உள்ளே வரலாம், வந்தவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்காரலாம் என்ற ஏற்பாடு டெல்டா கிராமங்களுக்கு எவ்வளவு புதிது என்பதை இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

திருச்சியில் தொடங்கிய பயணம்

தென்னிந்தியாவில் கூடார சினிமாவின் கதை எங்களுக்குப் பக்கத்து ஊரில்தான் ஆரம்பிக்கிறது. 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு புரொஜெக்டரையும் சில மௌனப் படங்களையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டிவந்தார். திருச்சிக்கு வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போக, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். அதை வாங்கியவர் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். இயேசுநாதர் வாழ்க்கையைச் சொல்லும் படம் அந்தச் சரக்கில் இருந்தது. வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய வின்சென்ட், நாட்டின் பல மூலைகளுக்கும் போய்ப் படம் காட்டினார். பிறகு 1914-ல் கோவையில் 'வெரைட்டி ஹால்' என்ற நிரந்தரத் தியேட்டரையே கட்டினார்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். பிற்பாடு சினிமா வியாபாரிகள் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்துக்கொண்டபோது திருச்சியும் தஞ்சாவூரும் ஒரே ஏரியாவானது. சினிமாக்காரர்கள் வாயில் 'டி.டி. ஏரியா'. தஞ்சாவூரில் யாகப்பா, ஞானம், ராஜா கலையரங்கம் போன்ற தியேட்டர்களில் ஓடி முடித்த படம், மெதுவாக ஒரத்தநாட்டுப் பக்கமும் மன்னார்குடிப் பக்கமும் திருத்துறைப்பூண்டிப் பக்கமும் இறங்கும். தீபாவளிக்கு வந்த படம் எங்கள் கொட்டாய்க்கு வர மாசக்கணக்காகும், சில சமயம் வருஷக்கணக்கும் ஆகும். அதற்குள் பாட்டெல்லாம் இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். கதையும் டவுனில் பார்த்துவிட்டு வந்த யாரோ ஒரு மச்சான் சொல்லித் தெரிந்திருக்கும். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. தெரிந்த கதைக்கு அழுவதில்தான் எங்கள் ஜனங்களுக்கு ருசி அதிகம்!

மேட்டூர் திறந்தால் கொட்டாய்க்கு ஒரு கணக்கு

டெல்டாவில் எல்லாமே தண்ணீர்க் கணக்கு. கொட்டாயும் அப்படித்தான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அப்போது சம்பா வயலில் நிற்கும். அந்த மழையில் கீற்றுக் கொட்டகை தாங்காது; மழையின் கூடவே புயலும் வரும். 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12 என்று தேதி சொல்லும் பெரியவர்கள் எங்கள் கடலோரத்தில் இருக்கிறார்கள். ஆகவே மழைக்காலத்தில் கொட்டாய் பிரிந்துவிடும், அல்லது பூட்டிக் கிடக்கும்.

தை பிறந்து சம்பா அறுத்து, களத்தில் நெல் குவிந்தால்தான் ஜனங்கள் கையில் காசு. கூலியாக அளந்த நெல்லில் சாப்பாட்டுக்குப் போக மிச்சத்தைக் கடையில் போட்டால் சில்லறை புரளும். வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிட்டு ஆள்கள் கொஞ்சம் மூச்சு விடும் நேரம். அந்த நேரம் பார்த்து, ஊருக்கு வெளியே ஒரு திடலில் சவுக்குக் கம்புகளும் பனங்கட்டைகளும் வந்து இறங்கும். "கொட்டாய் போடுறாங்க" என்ற சேதி நாலு ஊருக்குப் பரவ ஒரு பொழுது போதும்.

கம்பம் நட்டு, கீற்று வேய்ந்து, பக்கவாட்டில் தட்டி கட்டி, ஆற்று மணலைக் கொண்டுவந்து தரையில் கொட்டிப் பரப்புவார்கள். ஒரு பக்கம் வெள்ளைத் திரை. எதிர்ப்பக்கம் மிஷின் ரூம். தீ பிடித்துவிடக் கூடாது என்பதால் அது மட்டும் கெட்டியாக இருக்கும். கொஞ்சம் தள்ளி ஒரு ஆயில் எஞ்சின். டூரிங் கொட்டகைக்குத் தனி லைசென்ஸ் உண்டு. தற்காலிகம் என்பதுதான் அதன் இலக்கணமே. கெடு முடிந்தால் இடம் மாற வேண்டும், அல்லது மறுபடி அனுமதி வாங்க வேண்டும். இப்படி நிற்காமல் நகர்வது முதலாளிக்கு ஒருவகையில் வசதிதான். ஒரு ஊர்க் கை வறண்டால் அடுத்த ஊர்.

பாட்டு போட்டாச்சு!

சாயங்காலம் கூம்பு ஸ்பீக்கரில் முதல் பாட்டு. அநேகமாக சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலில் விநாயகர் பாட்டு. சமதளமான வயல்வெளி, மலை கிடையாது, மேடு கிடையாது. சத்தம் வரப்பு வரப்பாகத் தாண்டி மூன்று நான்கு மைல் போகும். எங்கள் ஊரில் கடிகாரம் இல்லாத வீடுகள் நிறைய. பெண்களுக்கு அந்தப் பாட்டுதான் கடிகாரம்.

"ஏண்டி, பாட்டு போட்டுட்டான். நீ இன்னும் ஒலையே வைக்கலையா?"

"வச்சு எறக்கியாச்சு அத்தாச்சி. புள்ளைக்கு ஊட்டிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

நடவு நட்டுக் குனிந்த முதுகு நிமிராமல் வீட்டுக்கு வந்தவர்கள், குளத்தில் ஒரு முழுக்குப் போட்டு, தலை ஈரம் காயாமல் கிளம்புவார்கள். ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து, முன்னால் ஒருத்தி கையில் அரிக்கேன் விளக்கு. வரப்பில் ஒற்றையடி வரிசை. பாம்புப் பயத்துக்குக் காலைத் தட்டித் தட்டி வைப்பார்கள். வாய்க்கால் வந்தால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, பாய் விரித்து வருவார்கள். வண்டியை அவிழ்த்து மாட்டைக் கட்டிவிட்டு உள்ளே போனால், படம் முடிந்து வரும்வரை மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் டிரைவ்-இன் 'பார்க்கிங்' அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவைத் தவிர, ராத்திரியில் பெண்கள் கூட்டமாக வீட்டை விட்டு வெளியே போக ஊர் சம்மதித்த வேறு இடம் கிடையாது. 'கொட்டாய்க்குப் போறோம்' என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அதிலும் 'திருவிளையாடல்' மாதிரி சாமி படம் என்றால் மாமியாரே முன்னால் நிற்பார்.

தரை, பெஞ்சு, சேர்

எழுபதுகளில் எங்கள் பக்கம் தரை நாலணா, பெஞ்சு எட்டணா, சேர் ஒரு ரூபாய். பைசாக் கணக்கு வந்து வருஷக்கணக்கானாலும் வாயில் அணாதான். தரையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தட்டி, அல்லது முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் சுவர். சேர் என்பது தகர மடக்கு நாற்காலி, மூட்டைப்பூச்சி இலவசம். விவரம் தெரிந்தவர்கள் தரையைத்தான் விரும்புவார்கள்.

தரையில் உட்காருவது ஒரு கலை. போனதும் மணலைக் கூட்டிக் குவித்துச் சின்னதாக ஒரு மேடை கட்டி அதில் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவன் அதைவிட உயரமாகக் குவிப்பான். உடனே பின்னால் இருப்பவன் கத்துவான். "யோவ், என்னய்யா கோபுரம் கட்டுற? எறக்குய்யா!" படம் போடுவதற்குள் நாலு சண்டை. தூக்கம் வரும் குழந்தைக்கு மணலிலேயே பள்ளம் பறித்து, துண்டு விரித்துப் படுக்க வைத்துவிடுவார்கள். பாதிப் பேர் குழந்தைப் பருவத்தில் 'பார்த்த' படங்கள் எல்லாம் இப்படித் தூங்கிக்கொண்டே பார்த்தவைதான்.

டிக்கெட் வாங்கக் காசில்லாதவர்களுக்கும் வழி இருந்தது. தட்டியில் ஓட்டை போடலாம். புளியமரத்தில் ஏறலாம், திரையின் ஒரு ஓரம்தான் தெரியும், வசனம் முழுசாகக் கேட்கும். 'பராசக்தி'யின் கோர்ட்டு வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லும் ஆள்கள் எங்கள் ஊர்ப் பக்கம் இருந்தார்கள். அதில் சிலர் படத்தை உள்ளே உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? அந்த வசனத்தை எழுதியவர் திருக்குவளைக்காரர் என்பதில் எங்கள் ஆள்களுக்குத் தனிப் பெருமை.

'கார்பன்... கார்பன்!'

நிரந்தரத் தியேட்டர்களில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்றில் சுருள் முடியும்போது இன்னொன்று ஓடத் தொடங்கும், பார்ப்பவருக்குத் தெரியாது. டூரிங்கில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்துப் படம் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். பிலிம் ஒரு நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடுகிறது. கணக்குப் போட்டால் சுமார் 14,850 அடி. அதாவது நாலரை கிலோமீட்டர் நீளம்! ஒரே சுருளில் அடங்குமா? சுருள் முடிந்ததும் லைட்டைப் போட்டுவிட்டு மாற்ற வேண்டும். அதனால்தான் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. அந்த மூன்றிலும் முறுக்கு, கடலை உருண்டை, டீ, கோலி சோடா, கலர் என்று தட்டுகள் சுற்றிவரும். டிக்கெட்டில் விட்டதை முறுக்கில் பிடித்துவிடலாம். அமெரிக்க டிரைவ்-இன் முதலாளிகளுக்கும் தீனிக் கடைதான் லாபமாம்!

வெளிச்சத்துக்கு பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிரே வைத்து, நடுவில் மின்சாரப் பொறியைக் கிளப்பிவிடுவார்கள். கண் கூசும் வெள்ளை ஒளி. குச்சி எரிய எரியத் தேயும். ஆபரேட்டர் அவ்வப்போது தள்ளிவிட்டு இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அவர் கண்ணசந்தால் திரையில் எம்.ஜி.ஆர். முகம் மஞ்சளாகி, சிவந்து, மங்கிவிடும். உடனே கொட்டகை முழுக்க விசில். "கார்பன்... கார்பன்!" ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் வாத்தியாருக்கு உயிர் கொடுத்த ஆபரேட்டருக்கு ஊரில் என்ன மரியாதை தெரியுமா? ஸ்கூல் ஹெட்மாஸ்டருக்கு அடுத்த இடம்.

பங்குனி, சித்திரையில் காற்று வீசினால் திரை உப்பும். சிவாஜியின் கன்னமும் கூடவே உப்பும். 'பாசமலர்' கடைசிக் காட்சியில் அப்படி ஆனாலும் யாரும் சிரித்ததில்லை. பெண்கள் பக்கம் மூக்குச் சிந்தும் சத்தம்தான் கேட்கும். 'தில்லானா மோகனாம்பாள்' வந்தால் கதை வேறு. எங்கள் ஊர்களில் நாகஸ்வரம் கேட்டு வளராதவர் யார்? வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் என்பது தெரிந்திருந்தும், சிவாஜியின் கன்னத்தையும் விரலையும் உற்றுப் பார்த்து 'சரியா வாசிக்கிறாரா' என்று தீர்ப்பு சொல்ல நாலு மேளக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பாஸ்மார்க் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையே 1940-ல் 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாக நடித்திருக்கிறார் என்ற பழங்கதையையும் அன்றைக்கு யாராவது எடுத்துவிடுவார்கள்.

யார் பக்கத்தில் யார்?

இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ் சினிமாவைப் பற்றி எழுதும்போது ஒன்றைக் கவனித்துச் சொன்னார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமா கொட்டகைதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட் காசு என்பது அவர் கருத்து. சென்னையில் இருந்துகொண்டு படித்தால் இது சாதாரண வரியாகத் தெரியும். தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு நெஞ்சில் தைக்கும்.

எங்கள் ஜில்லா கலைக்குப் பேர்போனது. மெலட்டூர் பாகவத மேளாவும் திருவையாற்று ஆராதனையும் எங்கள் சொத்துதான். ஆனால் அந்தக் கலைகளை யார் எங்கே நின்று பார்க்கலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு அவர்களுடைய பொழுதே சொந்தமில்லை. பண்ணையாள்களை இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது என்று தடுக்கவே 1952-ல் தஞ்சாவூருக்கென்று தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். கூலி கொஞ்சம் உயர்த்திக் கேட்டதில் தொடங்கிய தகராறு அது. அதே நாள்களில், அதே வயல்களுக்குப் பக்கத்தில்தான் எங்கள் கொட்டாய்களும் இருந்தன.

கொட்டாய் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தரை டிக்கெட்டிலும் தெருவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். சேர் வரிசையில் யார் உட்காருவார் என்பது டிக்கெட் கொடுப்பவருக்கே முன்கூட்டித் தெரியும். வெளியே டீக்கடையில் தனித் தம்ளர் இருந்த காலம் அது. ஆனாலும் நாலணா கொடுத்தவனை 'வெளியே நில்' என்று சொல்ல கொட்டாய்க்காரரால் முடியாது. கொடுத்த காசுக்கு உரிமை என்ற ஒன்று அங்கே இருந்தது. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். சவுக்கை எடுக்கும்போது விசில் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது என்று கேட்டால், அந்தக் காலத்து ஆள்கள் கூசாமல் சொல்வார்கள்... முன்னாலிருந்து, மணலிலிருந்து. பகலில் அதே ஆள், வரப்பில் முதலாளி எதிரே வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றவன். ராத்திரி மூன்று மணி நேரம் அந்தத் துண்டு தோளில் கிடக்கும். கொட்டாய் இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?

இந்தக் கதையை டூரிங் டாக்கீஸ் நினைவுகளில் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. முறுக்குக்கு நடுவே இது எதற்கு என்று நினைக்கிறார்களோ என்னவோ!

பல்புக்குள் சினிமா

சின்னப் பையன்களுக்குக் கொட்டாய் பகலிலும் ஓடியது. மிஷின் ரூம் வாசலில் வெட்டிப்போட்ட துண்டு பிலிம் கிடைக்கும். அறுந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது மிஞ்சுவது. எம்.ஜி.ஆர். பிலிம் ஒன்றுக்கு சாதா பிலிம் நாலு என்று பண்டமாற்று நடக்கும். தீர்ந்த கார்பன் குச்சியின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு இருக்கும். அதைச் சேர்த்து வைப்பவன் பணக்காரன்.

ஃபியூஸ் போன பல்பின் உள்ளே இருப்பதைப் பக்குவமாக உடைத்து எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். வீட்டுக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, வெளியே ஒருத்தன் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கதவிடுக்கு வழியாக உள்ளே விட, நடுவே பிலிம் துண்டைத் தலைகீழாகப் பிடித்தால், எதிரே கட்டிய அப்பா வேட்டியில் சரோஜாதேவி நேராக நிற்பார்! அசைய மாட்டார். இருந்தாலென்ன? டிக்கெட்டாகக் கொட்டாங்கச்சியில் புளியங்கொட்டை வசூல். வெயில் மேகத்துக்குள் போய்விட்டால் உள்ளே இருப்பவர்கள் பழக்கதோஷத்தில் 'கார்பன்!' என்று கத்துவார்கள்.

கீற்றுக்கு வந்த காலம்

கொட்டாய் எப்படி மறைந்தது? ஒரே நாளில் இல்லை. சட்டென்று ஒரு காரணத்தைச் சொல்லிவிடவும் முடியாது.

கீற்றுக்கும் நெருப்புக்கும் எப்போதும் ஆகாது. 1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு கீற்றுக் கொட்டகை பற்றிக்கொண்டு, படம் பார்க்க வந்த ஏராளமான பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு 'கொட்டாய்க்குப் போறோம்' என்றால் வீட்டில் பெரியவர்கள் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், எங்கள் ஜில்லாவிலேயே, பள்ளிக்கூடக் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போன பிறகு, கூட்டம் கூடும் இடத்தில் கீற்று என்ற பேச்சையே யாரும் எடுக்க முடியாமல் போயிற்று. அதற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்தக் கூரைகள் போக வேண்டியவைதான்.

ஆனால் தீயால் மட்டும் கொட்டாய் அழியவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிக் கடலுக்கு அந்தப் பக்கத்துப் படத்தைப் பிடித்தார்கள். கொடைக்கானல் டவர் வந்தது. கோயில் திருவிழாவில் டி.வி-யும் 'டெக்'கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்டார்கள்; டிக்கெட் கிடையாது. 1993-ல் சன் டி.வி. வந்தது. மினி பஸ் ஓட ஆரம்பித்தபோது, அரை மணியில் டவுனுக்குப் போய்ப் புதுப் படமே பார்க்கலாம் என்றானது. 2006-க்குப் பிறகு அரசே வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. அதற்கும் பிறகு பிலிமே போய்விட்டது. நாலரை கிலோமீட்டர் சுருளும் தகரப் பெட்டியும் கார்பன் குச்சியும் இல்லாமல் சினிமா டிஜிட்டலுக்கு மாறியபோது, தப்பிப் பிழைத்திருந்த பழைய மிஷின்கள் எடைக்குப் போயின.

அமெரிக்காவிலும் கதை ஏறக்குறைய இதுதான். டி.வி. வந்தது, நிலத்துக்கு விலை ஏறியது, டிரைவ்-இன்கள் ஒவ்வொன்றாக மூடின. இன்றைக்கு அங்கே சில நூறுதான் மிச்சம். 2020-ல் கொரோனா வந்து தியேட்டர்களை எல்லாம் அடைத்தபோது, மூடிய இடத்தில் உட்காராமல் படம் பார்க்க வழி என்ன என்று தேடி, ஜனங்கள் மறுபடி டிரைவ்-இன்னுக்குப் போனார்கள். மகாராஷ்டிரத்தில் ஊர்த் திருவிழாக்களுக்கு லாரியில் வந்து கூடாரம் போட்டுப் படம் காட்டும் வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது. 'தி சினிமா டிராவலர்ஸ்' என்ற ஆவணப்படம் அதைப் பதிவு செய்து 2016-ல் கான் விழாவரைக்கும் போயிற்று. நம்முடைய கொட்டாய்களுக்கு அப்படி ஒரு பதிவு டெல்டாவிலிருந்து வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அப்போது யார் வீட்டிலும் கேமரா இல்லை. இருந்த வீட்டிலும் கல்யாணத்தைத்தான் போட்டோ எடுத்தார்கள். கொட்டாயை யார் எடுப்பார்கள்? இருப்பதெல்லாம் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் ஞாபகம் மட்டும்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், கையில் இருக்கும் போனிலேயே ரெக்கார்டு போட்டுவிட்டு, "உங்க ஊர்ல கொட்டாய் எங்க இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும்.

நான் கேட்ட இடங்களில் எல்லாம் பெண்கள் சொன்ன ஒரு விஷயம் ஒன்றுபோல இருந்தது. இப்போது வீட்டிலேயே ஐம்பது சேனல் இருக்கிறது, பேரன் போனில் எந்தப் படம் கேட்டாலும் போட்டுத் தருகிறான், ஆனால் 'கெளம்பி' எங்கும் போவதில்லை என்கிறார்கள். தியேட்டர் என்றால் டவுன். டவுன் என்றால் பஸ், டிக்கெட், திரும்பி வர ஆட்டோ. நாலு பேர் போய்வந்தால் நடவுக் கூலி கரைந்துவிடும். தண்ணி பாய்ச்சி, களை பறித்து, ராத்திரியில் கூட்டமாக வரப்பில் நடந்து போய் நாலணாவுக்கு அழுதுவிட்டு வந்த அந்தப் பெண்களுக்கு, ஊருக்குள் அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

மணல் சலித்த காலை

லைசென்ஸ் கெடு முடிந்து கொட்டாய் கிளம்பும் நாள், கடைசி ஆட்டத்துக்கு ஊரே வரும். பழைய படம்தான் போடுவார்கள். யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. விடிந்ததும் கீற்றைப் பிரிப்பார்கள். திரை மடியும். எஞ்சின் வண்டியில் ஏறும். குழி தோண்டி நட்ட கம்பங்களைப் பிடுங்கினால், திடலில் மிஞ்சுவது அந்த மணல் மட்டும்.

அதற்காகத்தான் பையன்கள் காத்திருப்பார்கள். வீட்டிலிருந்து சல்லடை எடுத்து வந்து, வரிசையாக உட்கார்ந்து சலிப்பார்கள். மூன்று நான்கு மாதமாக எத்தனை பேர் உட்கார்ந்த மணல்! பத்துப் பைசா, நாலணா, பீடித் துண்டு, சோடா கோலி, பாசிமணி, உடைந்த வளையல், குழந்தையின் அரைஞாண் மணி என்று எல்லாம் வரும். காசு சலித்தவனுக்குச் சொந்தம். அதில் யாரும் பங்கு கேட்கக் கூடாது. மெட்டியோ, தோட்டுத் திருகோ கிடைத்தால் மட்டும் சத்தம் போட்டுச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது சலிப்பு முடிவதற்குள், எந்தத் தெருவிலிருந்தாவது ஒரு பெண் காதைத் தடவிக்கொண்டே ஓடிவருவாள்.